ஆர்வலர்கள் நடத்தும் பழைய கணினித் தளங்கள்: மறைவதற்குள் எடுத்து வைப்போமா?

#1 எட்டுபிட்

வணக்கம் நண்பர்களே.

கமோடோர் கம்பெனியின் பழைய அமிகா 4000 கணினி வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அந்த போர்டின் ஆடியோ பகுதியில் சில எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களுக்குப் பலகையில் அச்சடித்த பிளஸ் மைனஸ் குறியே தலைகீழ். குறியை நம்பிப் புதுசு வைத்தால் அதுவும் ஒருநாள் ஒழுகி, அடியில் இருக்கும் செம்புத் தடத்தை அரித்துவிடும். இன்றைக்கு அமிகா ரிப்பேர் செய்கிற எல்லாரும் சாதாரணமாகச் சொல்கிற விஷயம். ஆர்வலர்கள் மல்டிமீட்டரை வைத்துத் தடம் தடமாகப் பார்த்து, போட்டோ எடுத்து, சொந்தப் பக்கங்களில் எழுதி வைத்ததால்தான் இது இவ்வளவு பேருக்குப் போய்ச் சேர்ந்தது.

பழைய கணினிகளைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி இப்படித்தான் சிதறிக் கிடக்கிறது. பெயரே இல்லாத 486 மதர்போர்டின் ஜம்பர் அட்டவணை, பேட்டரியை உள்ளேயே வைத்து மூடிய டிஎஸ் 1287 கடிகாரச் சிப்பில் எப்பாக்சியை எங்கே சுரண்டி வெளியிலிருந்து காயின் செல் கொடுப்பது, எந்த ஈபிராம் நினைவகச் சிப்பை எதனால் படிக்கலாம். கம்பெனிகள் போய்விட்டன. மேனுவல் கிடைத்தாலும் இருபது வருடம் கழித்து என்ன பழுதாகும் என்று அதில் எழுதியிருக்காது.

இந்தத் தளங்களுக்குப் பின்னால் நிறுவனம் கிடையாது. ஒரு ஆள், ஒரு டொமைன், வருடா வருடம் பணம் போகிற ஒரு கார்டு, அவ்வளவுதான். தொண்ணூறுகளின் கடைசியில் நாற்பது வயதில் எழுத ஆரம்பித்தவர்கள் இப்போது எழுபதை நெருங்குகிறார்கள். பொதுவாகவே வலையின் ஆயுள் குறைவு. பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்துக்குள் கிடைக்காமல் போய்விட்டன.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். தளம் போன பிறகு அங்கேயும் இங்கேயும் துண்டு துண்டாகத் தேடுவதைவிட, எழுதியவர் மெயிலுக்குப் பதில் போடும் நிலையில் இருக்கும்போதே அவரிடம் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். இதை நாம் சேர்ந்து செய்யலாமா?

#2 கேத்தோடு

நல்ல எண்ணம்தான். ஆனா பழைய வலைப்பக்கங்களைச் சேர்த்து வைக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவோட வேபேக் மெஷின்ல எல்லாமே இருக்கே? 1996-லேர்ந்து சேர்த்துக்கிட்டே வர்றாங்க. எனக்கு ஏதாவது செத்த லிங்க் வந்தா அங்க போட்டுப் பார்ப்பேன், பெரும்பாலும் கிடைச்சுடும். நாம திரும்ப அதே வேலையைச் செய்யணுமா?

#3 பச்சைத்திரை

கேத்தோடு, ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்களுக்குப் பிடித்த பழைய தளம் ஒன்றை வேபேக்கில் திறந்து, முதல் பக்கத்தோடு நிறுத்தாமல் உள்ளே போங்கள். "டவுன்லோடு" என்று இருக்கும் பக்கத்தில் உள்ள ஜிப் கோப்புகளை ஒவ்வொன்றாகக் கிளிக் செய்யுங்கள். பிறகு சர்க்யூட் படத்தின் சிறிய பதிப்பைக் கிளிக் செய்து பெரிய படம் வருகிறதா என்று பாருங்கள்.

எழுத்து இருக்கும். கோப்பு பல நேரம் இருக்காது. பக்கங்களைச் சேகரிக்கும் வேபேக்கின் தானியங்கி எல்லாத் தளத்திலும் கடைசி மட்டம் வரை இறங்குவதில்லை. தேடல் பெட்டியில் எதையாவது தட்டினால்தான் வரும் பக்கம், லாகின் செய்தால்தான் தெரியும் இணைப்பு, கோப்பு வேறொரு எஃப்டிபி (பழைய கோப்புப் பரிமாற்ற முறை) வழங்கியில் இருப்பது, இவையெல்லாம் அதன் கைக்கு எட்டாதவை. ரிப்பேர் செய்கிறவருக்கு வேண்டியதோ அந்த ரோம் டம்பும் (சிப்பிலிருந்து படித்தெடுத்த நகல்) அந்தப் பெரிய படமும்தான்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் செய்வது மகத்தான வேலை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் 2024 அக்டோபரில் அவர்கள் மீது தாக்குதல் நடந்து நாள் கணக்கில் சேவை நின்றுபோனதை நாம் எல்லாரும் பார்த்தோம். ஒரே இடத்தில் ஒரே பிரதி என்றால் அது யார் வைத்திருந்தாலும் ஆபத்துதான்.

#4 ஃப்ளாப்பிபெட்டி

அக்கா சொன்ன எஃப்டிபி விஷயத்தை அழுத்திச் சொல்லணும். 2021-ல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் எஃப்டிபியைத் தூக்கிட்டாங்க. வழங்கி இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும், ஆனா பிரவுசர்ல கிளிக் பண்ணினா ஒண்ணும் வராது. வர்றவங்க செத்துப் போச்சுன்னு நினைச்சுப் போயிடுவாங்க. யாரும் வராத வழங்கியை ஒருநாள் அணைச்சுடுவாங்க.

படங்களும் அப்படித்தான். படம் ஏத்தி வைக்கிற ஃபோட்டோபக்கெட் 2017-ல் வெளித்தளத்தில் படம் காட்ட ஆண்டுக்கு 399 டாலர்னு மாத்தினப்போ, எத்தனையோ ரிப்பேர் குறிப்புகள்ல படம் இருந்த இடத்துல மீட்டர் பொம்மை வந்து உட்கார்ந்துச்சு. "கீழே படத்தில் அம்புக்குறி போட்ட ரெசிஸ்டரை எடுத்துடுங்க"ன்னு எழுத்து மட்டும் நிக்கும். எந்த ரெசிஸ்டர்?

அதனால ஒரு தளத்தை எடுக்கும்போது அது எங்கெங்கே இருந்து படம், கோப்பு இழுக்குதுன்னு முதல்ல பார்க்கணும். டொமைனுக்குள்ள இருக்கறதை மட்டும் எடுத்தா பாதி உயிர் வெளியே நின்னுடும்.

#5 புதுப்பயணி

வணக்கம் அண்ணா, அக்கா. நான் இந்தப் பக்கம் புதுசு. இசட்80 என்ற பழைய செயலிச் சிப்பை வைத்து ஒரு சின்ன போர்டு செய்து கொண்டிருக்கிறேன். நான் பின்பற்றுவது முழுக்க ஒருவருடைய சொந்தத் தளம். அது போய்விட்டால் என் வேலை நின்றுவிடும். பிரவுசரில் "சேவ் பேஜ்" கொடுத்து ஒவ்வொரு பக்கமாகச் சேமித்தால் போதுமா?

#6 ஃப்ளாப்பிபெட்டி

தம்பி, உனக்கு மட்டும் வேணும்னா அது போதும். மத்தவங்களுக்கும் சேர்த்து வைக்கணும்னா வலைத்தளத்தை அப்படியே சேமிக்கிற வார்க் கோப்பு வடிவம் பழகிக்கோ. 2009-லேயே ஐஎஸ்ஓ 28500-னு தரமாக்கிட்டாங்க. இதுல பக்கம் மட்டும் இல்ல, வழங்கி அனுப்பின தலைப்புத் தகவல், என்னைக்கு எடுத்தது, எந்த முகவரி, எல்லாம் பைட் மாறாம இருக்கும். பின்னாடி யாராவது "இது அசல்தானா"ன்னு கேட்டா காட்டலாம்.

எடுக்க ரெண்டு வழி. கட்டளை வரி பழக்கம் இருந்தா டபிள்யூகெட்ங்கிற பதிவிறக்க நிரல். 2012-ல் வந்த 1.14 பதிப்புலேர்ந்து அதுவே வார்க் எழுதும். மிரர் (தளத்தை முழுசா நகலெடுக்கிறது), பக்கத்துக்கு வேண்டிய படங்கள், காத்திருப்பு நேரம், இந்த மூணு தெரிவும் கட்டாயம். ஜாவாஸ்கிரிப்டை நம்பி ஓடுற தளம்னா வெப்ரெக்கார்டர் குழுவோட ஆர்க்கைவ்வெப் பேஜ் நீட்சியை பிரவுசர்ல போட்டுக்கிட்டு நீயே ஒவ்வொரு லிங்கா கிளிக் பண்ணு. நீ பார்த்ததெல்லாம் பதிவாகும். திரும்பப் பார்க்க அவங்களோட ரீப்ளேவெப் பேஜ் இருக்கு, இன்டர்நெட் இல்லாமலே ஓடும்.

காத்திருப்பு நேரத்தை மட்டும் விட்டுடாதே. சில தளங்கள் வீட்டு மூலையில ஒரு பழைய பெட்டியில ஓடுது. நிஜமாவே முப்பது வருஷ மெஷின்ல வழங்கி நடத்துறவங்க இருக்காங்க. நொடிக்கு இருபது கோரிக்கை அனுப்பினா அது படுத்துடும், அவரும் கோபத்துல வாசலை அடைச்சுடுவார். அஞ்சு நொடிக்கு ஒண்ணு எடு. ராத்திரி முழுக்க ஓடினா ஓடட்டும்.

இன்னொண்ணு, பழைய தளங்களுக்கே உரிய சிக்கல். விண்டோஸ் வழங்கியில எழுதின பக்கம்னா லிங்க்ல பெரிய எழுத்து, ஃபோல்டர்ல சின்ன எழுத்துன்னு கலந்து கிடக்கும். விண்டோஸ் கண்டுக்காது. அதே கோப்புகளைக் கொண்டுபோய் லினக்ஸ் வழங்கியில வெச்சா பாதிப் படம் உடையும். அதுக்காக அசல் பிரதியில பேரை மாத்தித் திருத்தாதே. அசலை அப்படியே வெச்சுட்டு, காட்டுறதுக்குன்னு தனிப் பிரதி எடுத்து அதுல திருத்து.

#7 நிரல்வேர்

எல்லாரும் எப்படி எடுப்பது என்று பேசுகிறீர்கள். எடுக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. அதனால் நான் கேட்கிறேன்.

ஒருவர் தன் தளத்தை எடுத்துவிட்டார் என்றால் அதற்கு அவருக்குக் காரணம் இருக்கலாம். பழைய வருகையாளர் ஏடுகளை (கெஸ்ட்புக்) திறந்து பாருங்கள். 1999-ல் கையெழுத்துப் போட்டவர்களின் முழுப்பெயர், மெயில், சில இடங்களில் வீட்டு முகவரிகூட இருக்கிறது. தளம் முடங்கியதோடு அதுவும் மறைந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். நாம் அதைத் தோண்டி எடுத்து, தேடுபொறியில் சிக்குகிற மாதிரி திரும்ப ஏற்றினால் அது சேவையா? மென்பொருள்களுக்குப் பதிப்புரிமை இருக்கிறது. கம்பெனி மூடிவிட்டது என்பதால் உரிமை காற்றில் போய்விடாது, யாரோ ஒருவர் கையில் இருக்கும்.

நான் தடுக்க வரவில்லை. எழுதினவர் உயிரோடு இருக்கும்போது கேட்காமல் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

#8 கேத்தோடு

நிரல்வேர், கேட்டுக்கிட்டே இருந்தா கடைசியில ஒண்ணும் மிஞ்சாதே. ஆளுங்க சொந்தப் பக்கம் வெச்சிருந்த ஜியோசிட்டிஸ் தளத்தை மூடுறதா யாஹூ 2009 ஏப்ரல்ல சொன்னாங்க, அக்டோபர் 26-ல் மூடிட்டாங்க. நடுவுல ஆறு மாசம். லட்சக்கணக்கான ஆளுங்ககிட்ட யார் போய் அனுமதி கேட்கிறது? ஆர்க்கைவ் டீம்ங்கிற தன்னார்வலர் குழு ஆளுங்க கேட்காம இழுத்ததாலதான் 600 ஜிபிக்கு மேல தப்பிச்சுது. அதுல எத்தனை கமோடோர் பக்கம், எத்தனை டாஸ் டிரைவர் பக்கம் இருந்திருக்கும்.

#9 பச்சைத்திரை

இரண்டு பேரும் சொல்வது வேறு வேறு சூழ்நிலையைப் பற்றி என்று நினைக்கிறேன். மூடும் தேதி அறிவித்துவிட்டார்கள் என்றால் முதலில் எடுத்து வைப்பதுதான் வழி. ஆனால் எடுத்து வைப்பதும் வெளியிடுவதும் ஒன்றல்ல. நூலகங்களில் பூட்டிய பிரதி என்று வைப்பார்கள். இருக்கும், யாருக்கும் காட்ட மாட்டார்கள். உரிமையாளர் சம்மதித்தால் திறப்பார்கள், வேண்டாம் என்றால் மூடியே வைப்பார்கள். நாமும் அப்படிச் செய்யலாம். வருகையாளர் ஏடு பூட்டிய பிரதியிலேயே கிடக்கட்டும், பொதுவில் வைக்கும் பிரதியில் அது வேண்டாம்.

அனுமதி கேட்டால் கிடைக்காது என்ற எண்ணமும் சரியில்லை. இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற பழைய வீட்டுக் கணினியின் ரசிகர்கள் கதையைப் பாருங்கள். அவர்களுடைய வேர்ல்டு ஆஃப் ஸ்பெக்ட்ரம் தளம் 1995-ல் ஆரம்பித்தது. விளையாட்டு எழுதியவர்களையும் கம்பெனிகளையும் தேடிப்பிடித்து அனுமதி கேட்டார்கள். தந்தவர்கள் நிறையப் பேர். மறுத்தவர்களின் விளையாட்டுகளுக்கு "விநியோகம் மறுக்கப்பட்டது" என்று போட்டு கோப்பை எடுத்துவிட்டு, பெயர், வருடம், ஆசிரியர் என்று விவரத்தை மட்டும் பட்டியலில் வைத்தார்கள். இன்றைக்கு ஸ்பெக்ட்ரம் அளவுக்கு விவரம் சரியாக இருக்கும் பழைய கணினிகள் குறைவு. அதற்கு அந்த ஒழுக்கம் ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து.

ஸ்பெக்ட்ரத்தின் ரோம் உரிமை ஆம்ஸ்ட்ராடிடம் இருந்தது. எமுலேட்டரோடு (பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) ரோமைக் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு 1999-ல் அவர்கள் தரப்பிலிருந்து ஒருவர் யூஸ்நெட் செய்திக்குழு ஒன்றில் பதில் எழுதினார்: பதிப்புரிமைக் குறிப்பை அழிக்காமல், ரோமுக்குக் காசு வாங்காமல் கொடுத்துக்கொள்ளலாம் என்று. ரோமோடு வரும் பல ஸ்பெக்ட்ரம் எமுலேட்டர்கள் இன்றுவரை சாய்ந்து நிற்பது அந்தப் பதிலின் மேல்தான். ஒரு செய்திக்குழுவில் வந்த ஒரு கடிதம்! அதை யாரும் எடுத்து வைக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். அதனால் நமக்கு வரும் அனுமதி மெயிலையும் தலைப்புத் தகவலோடு சேர்த்தே சேமிக்க வேண்டும்.

#10 நிரல்வேர்

பூட்டிய பிரதி என்றால் எனக்குச் சம்மதம். அதைத் திறக்கும் விதியை மட்டும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து அதை வைத்திருப்பவர் தனக்குத் தோன்றினபடி செய்வார். குடும்பத்தார் வந்து எடுக்கச் சொன்னால் அன்றே எடுக்க வேண்டும், காரணம் கேட்கக்கூடாது. அதையும் விதியில் சேருங்கள்.

#11 எட்டுபிட்

நிரல்வேர், அப்படியே சேர்த்துக்கொள்கிறேன்.

நேரத்தைப் பற்றியும் பேச வேண்டும். ஒருவர் இறந்துவிட்டார், அல்லது மருத்துவமனையில் இருக்கிறார், கார்டு காலாவதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டாட் காம் டொமைன் முடிந்த பிறகு பதிவாளர் அதிகபட்சம் 45 நாள் வைத்திருக்கலாம். அதற்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம், உரிமையாளர் கூடுதல் கட்டணம் கட்டினால் திரும்பப் பெறலாம். கடைசியில் 5 நாள் அழிப்புக்குக் காத்திருக்கும். பிறகு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பழைய தளங்களுக்கு ஊரெல்லாம் லிங்க் இருப்பதால் அந்த டொமைன்களை விளம்பரக்காரர்கள் காத்திருந்து பிடிக்கிறார்கள். பல வருடம் ஜம்பர் அட்டவணை இருந்த முகவரியில் சூதாட்ட விளம்பரம் வந்துவிடும்.

இந்த நாட்களில் குடும்பத்தைத் தவிர யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அவர்களோ துக்கத்தில் இருப்பார்கள், டொமைன் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. டொமைன் முடிந்தாலும் ஹோஸ்டிங் வழங்கியில் கோப்புகள் கொஞ்ச நாள் கிடக்கும். ஆனால் கடவுச்சொல் அவரோடு போய்விட்டதே. "முன்பே கேட்க வேண்டும்" என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

நிறுவனங்கள் பின்னால் இருந்தாலும் நிரந்தரம் இல்லை. ஓஎஸ்/2 என்ற பழைய இயங்குதளத்தின் மென்பொருள்களுக்கு ஹாப்ஸ் என்று ஒரு களஞ்சியம் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தது. 2024 ஏப்ரல் 15-ல் மூடினார்கள். ஆனால் ஜனவரியிலேயே சொல்லிவிட்டதால் ஆட்கள் முழுதாகப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். அதற்குத் தலைவணங்குகிறேன், சொல்லிவிட்டு மூடினார்கள். சொந்தப் பக்கங்களுக்கு இடம் தந்த ஏஓஎல் ஹோம்டவுன் 2008 அக்டோபர் 31-ல் மூடியபோது அவ்வளவு அவகாசம் கிடைக்கவில்லை. அதிலிருந்து பாடம் கற்றுத்தான் அடுத்த வருடம் ஆர்க்கைவ் டீம் உருவானது.

#12 கேத்தோடு

பச்சைத்திரை சொன்ன மாதிரி சோதிச்சுப் பார்த்தேன். நான் அடிக்கடி போற சவுண்ட் கார்டு தளத்துல பக்கமெல்லாம் வேபேக்ல நல்லா இருக்கு. டிரைவர் ஜிப்ல பாதிக்கு மேல திறக்கலை. தளம் இன்னும் உயிரோட இருக்கறதால அசலைப் போய் எடுத்துட்டேன்.

எடுத்த பிரதியை எங்க வைக்கிறது? என் ஹார்டு டிஸ்க்ல மட்டும் வெச்சா நானும் அந்தத் தனி ஆள் மாதிரிதானே.

#13 பச்சைத்திரை

சரியான கேள்வி. குறைந்தது மூன்று பேரிடம், மூன்று வேறு இடங்களில் இருக்கட்டும். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ 256 (கோப்பின் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு ஒரு சாதாரண உரைக் கோப்பில் எழுதி எல்லாரும் வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருமுறை திரும்பக் கணக்கிட்டு ஒப்பிட்டால் யாருடைய பிரதி கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். ரோம் டம்பில் ஒரு பிட் மாறினாலும் மெஷின் எழுந்திருக்காமல் போகலாம். அதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. அனுமதி கிடைத்தவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவிலும் ஏற்றுங்கள், அங்கே நம் வார்க் கோப்பைத் தனிப் பொருளாகவே போடலாம். பழைய மேனுவல்களைச் சேர்த்து வைக்கும் பிட்சேவர்ஸ் களஞ்சியத்துக்குப் பல இடங்களில் மிரர் இருக்கிறது பாருங்கள். ஒன்று விழுந்தாலும் மேனுவல் கிடைக்கிறது.

எழுத்துக் குறியீட்டையும் கவனியுங்கள். ஜப்பானிய எம்எஸ்எக்ஸ் கணினிப் பக்கங்கள் ஷிஃப்ட் ஜிஸ்ஸில் இருக்கும், ரஷ்ய மொழி ஸ்பெக்ட்ரம் பக்கங்கள் கேஓஐ8-ல் இருக்கும். யூனிகோடுக்கு முந்தைய நம் பழைய திஸ்கிப் பக்கங்களை யூனிகோடு என்று நினைத்துத் திறந்தால் என்ன வரும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "சரி செய்கிறேன்" என்று மாற்றிச் சேமித்து அசலை அழித்துவிடாதீர்கள்.

#14 புதுப்பயணி

நான் பின்பற்றும் தளத்துக்காரருக்கு மெயில் எழுத ஆசை. ஆனால் "நீங்கள் போய்விட்டால் என்ன செய்வது" என்று ஒரு பெரியவரிடம் எப்படிக் கேட்பது? தயக்கமாக இருக்கிறது.

#15 எட்டுபிட்

தம்பி, சாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவர் எழுதியது உனக்கு எப்படிப் பயன்பட்டது என்பதிலிருந்து ஆரம்பி. இதை அவரவர் மொழிக்கு மாற்றிக்கொள்ளலாம்:

"ஐயா, நான் உங்கள் இசட்80 பக்கங்களைப் பார்த்து ஒரு போர்டு செய்துகொண்டிருக்கிறேன். முகவரி டீகோடிங் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. மிக்க நன்றி. உங்கள் தளத்துக்கு முழுப் பிரதி ஒன்று எடுத்து, நாங்கள் சிலர் வேறு வேறு இடங்களில் பாதுகாக்க விரும்புகிறோம். உங்கள் பெயர் அப்படியே இருக்கும், எதையும் திருத்த மாட்டோம், விளம்பரம் போட மாட்டோம். உங்கள் தளம் ஓடும்வரை எங்கள் பிரதியை வெளியிட மாட்டோம். எந்தக் கோப்பு வேண்டாம் என்கிறீர்களோ அதை விட்டுவிடுகிறோம். உங்களுக்குச் சம்மதமா?"

இவ்வளவு போதும். பெரும்பாலானவர்களுக்கு யாராவது படிக்கிறார்களா என்பதே தெரியாது. அந்த முதல் இரண்டு வரியைப் பார்த்தாலே மனம் நிறைந்துவிடும்.

#16 பச்சைத்திரை

கடிதம் நன்றாக இருக்கிறது. ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்வேன்: "தளத்தில் ஏற்றாத அசல் படங்களும் குறிப்புகளும் உங்களிடம் இருக்கின்றனவா?"

மோடம் காலத்தில் எழுதிய பக்கங்களில் போர்டு படமெல்லாம் 640 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, ஜேபெக்கில் இன்னும் நசுக்கிப் போட்டிருப்பார்கள். ஐசி மேல் இருக்கும் எண்ணைப் படிக்கவே முடியாது. ஆனால் அவர் ஸ்கேன் செய்த பெரிய படம் ஏதோ ஒரு சிடியில் கிடக்கும். ஃபிலிமில் எடுத்திருந்தால் நெகட்டிவ் இருக்கும். கையால் வரைந்த சர்க்யூட் தாள் கோப்புறையில் இருக்கும். அசெம்ப்ளி மூலநிரல் ஃப்ளாப்பியில் இருக்கும். இவை எதுவும் வலைக்கு வந்ததே இல்லை, அதனால் எந்தத் தானியங்கியும் எடுத்திருக்க முடியாது. அவரிடம் கேட்டால்தான் உண்டு.

#17 ஃப்ளாப்பிபெட்டி

அக்கா, அருமை. ஃப்ளாப்பி இருக்குன்னு யாராவது சொன்னா, அவங்களையே காப்பி எடுக்கச் சொல்லாதீங்க. பழைய டிரைவோட ஹெட்டுல அழுக்கு இருந்தா டிஸ்க்கைச் சுரண்டிடும். கிரீஸ்வீசல்ங்கிற கருவி வெச்சு டிஸ்க்குல இருக்கிற காந்த அலையையே பதிவு பண்றவங்க இங்க இருக்கோம், அனுப்பச் சொல்லுங்க. படிச்சுட்டு அசலைத் திருப்பி அனுப்பிடலாம்.

#18 எட்டுபிட்

இரண்டையும் கடிதத்தில் சேர்த்துவிட்டேன். நிரல்வேரின் விதிகளைத் தனித் தாளாக எழுதி, ஒவ்வொரு பிரதியோடும் வைப்போம்.

இனி ஒவ்வொருவரும் தினமும் பயன்படுத்தும் தளம் ஒன்றின் பெயரை இங்கே போடுங்கள். கூடவே மூன்று விவரம்: கடைசியாக எப்போது புதுப்பித்திருக்கிறார், டொமைன் எப்போது முடிகிறது, தொடர்பு மெயில் வேலை செய்கிறதா. டொமைன் தேதி, பதிவு விவரம் காட்டும் தேடல் பக்கங்களில் (ஹூயிஸ் என்பார்கள்) கிடைக்கும். சீக்கிரம் முடிவதை முதலில் எடுப்போம். ஒருவருக்கு ஒரே ஆள் எழுதினால் போதும், பத்துப் பேர் எழுதி அவரைத் திணறடிக்க வேண்டாம். யார் யாருக்கு எழுதுகிறீர்கள் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

#19 புதுப்பயணி

என் இசட்80 தளம்: முதல் பக்கத்தில் கடைசிப் புதுப்பிப்பு 2011 என்று இருக்கிறது. டொமைன் அடுத்த மார்ச்சில் முடிகிறது. மெயில் முகவரி படமாகப் போட்டிருக்கிறார், அதைப் பார்த்துத் தட்டி நேற்று இரவே கடிதத்தை அனுப்பிவிட்டேன். திரும்பி வரவில்லை. பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன். அதுவரை அவருக்கு வேறு யாரும் எழுத வேண்டாம்.